அட்டைப் பண்ணை: ஏக்கர் கணக்கும் சேற்றின் கணக்கும்

வடக்கின் கடலட்டைப் பண்ணைகளைப் பற்றி நாம் இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறோம். சீனா உள்ளே வருகிறதா? கரையோரம் யாருக்குச் சொந்தம்? 2021இல் கௌதாரிமுனையில் எழுந்த சர்ச்சை, 2022இல் 5,000 ஏக்கர் திட்டத்துக்குக் கிடைத்த அமைச்சரவை அனுமதி, கிராஞ்சி மக்களின் போராட்டம் எல்லாமே இந்த இரண்டுக்குள்தான் பேசப்பட்டன. அவசியமான கேள்விகள்தான். ஆனால் கடன்பட்டுப் பண்ணை போட்டவருக்கு மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: அந்த அட்டை அங்கே எதைத் தின்னும்?

அட்டைக்கு நாம் தீன் போடுவதில்லை. அது சேற்றை விழுங்கி, அதிலுள்ள நுண்பாசி, பக்டீரியா, உக்கிய சாதாளை ஆகியவற்றைச் செரித்துவிட்டு மண்ணை வெளியே தள்ளும். தீன் செலவே இல்லாத தொழில் என்று இதைத்தான் விளம்பரப்படுத்துகிறார்கள். செலவு இல்லை என்பது சரி. அளவும் இல்லை என்று நினைத்தால்தான் ஆபத்து.

தின்றதில் கிடைக்கும் சக்தி முதலில் உயிரைப் பிடித்துவைக்கப் போகும். மிஞ்சுவதில்தான் உடல் வளர்ச்சியும் முட்டையும் விந்தும். வளர்ப்புச் சிப்பிக்கும் மட்டிக்கும்கூடப் பெரும்பாலும் இதே கணக்குத்தான். தண்ணீர் சூடாக ஆக, சும்மா உயிரோடு இருப்பதற்கே கூடுதல் சக்தி வேண்டும். நம்மவர் வளர்க்கும் வெள்ளை அட்டையின் குஞ்சு 30 பாகை செல்சியஸை அண்டிய நீரில் நன்றாகவே வளரும், உணவு தாராளமாக இருந்தால். உணவு குறைந்த சேற்றில் அதே சூடு அட்டையை மெலியவைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் களக்கடல் வற்றி முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது சூடு 30இல் நிற்காது.

எத்தனை அட்டை விடலாம்? சொலமன் தீவுகளில் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தபோது, சதுர மீற்றருக்குச் சுமார் 225 கிராம் எடை சேர்ந்ததும் குஞ்சுகளின் வளர்ச்சி தடைப்பட்டது. அதை அப்படியே ஒரு ஏக்கருக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 910 கிலோ, அரைக் கிலோ அட்டை என்றால் 1,800 சொச்சம். தொட்டிக் கணக்கு கடலுக்கு அப்படியே பொருந்தாது, வளமான சேறு இதைவிடக் கூடத் தாங்கும். எங்கே கூடும், எங்கே குறையும் என்பதை அந்தந்த இடத்தில் அளந்தால்தான் தெரியும். அளக்காமல் குஞ்சை அள்ளிவிட்டால் செத்துப்போகாது, வளராமல் கிடக்கும். அது இன்னும் மோசம். அவித்து உலர்த்தினால் உயிர்நிறையில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும், விலையும் பருமனைப் பார்த்துத்தான்.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். குஞ்சு உற்பத்தி நிலையங்களில் தாய் அட்டைகளின் தொட்டி நீரைச் சடுதியாக 3 முதல் 5 பாகை வரை சூடாக்கி முட்டையிடத் தூண்டுவார்கள். ஆனால் சூடு வெறும் சாவிதான். சினை முற்றியிருக்காத அட்டையை எவ்வளவு சூடாக்கியும் பயனில்லை. பிறந்த குடம்பிக்கும் அதே விதி. சுமார் இரண்டு வாரம் அது நுண்பாசி தின்று கொழுப்பைச் சேர்க்க வேண்டும். பிறகு தின்னாத ஒரு பருவத்தைச் சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் கடந்து, தரையில் படியும். சேர்க்காதது அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் குஞ்சுக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் கடலிலிருந்து பொறுக்கிய குஞ்சுகளும் பண்ணைகளுக்குள் போகின்றன. அட்டையின் முட்டையும் விந்தும் தண்ணீரில்தான் சந்திக்க வேண்டும். வெளியே அட்டை ஐதானால் அந்தச் சந்திப்பும் குறையும். பண்ணைக்குள் அடைபட்டவை பட்டினியில் சினை கட்டாவிட்டால், அந்தக் கடலுக்கு விதை எங்கிருந்து வரும்? கரையில் அட்டை பிடித்துப் பிழைக்கும் பண்ணையில்லாத குடும்பங்களுக்குத்தான் இது முதலில் தெரியவரும்.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது பெரிய ஆய்வுகூடமல்ல. ஒரு வெப்பமானி, உவர்ப்புமானி, சேற்றிலுள்ள சேதனப் பொருளை அளக்க ஒரு சோதனை, சோளகமும் மாரியும் அடங்கிய ஒரு வருடம். இடம் ஒதுக்கும்போது ஏக்கரும் எல்லையும் பேசும் நக்டா அதிகாரசபை, அந்த ஒரு வருட அளவீட்டையும் கடற்றொழிலாளர் சங்கத்தின் மேசையில் வைக்க வேண்டும், குஞ்சுக்குப் பணம் கட்டச் சொல்வதற்கு முன்னர்.