புண்ணியச் சோறா? உரிமைப் பங்கா?

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று நமது நாட்டில் அநேக சங்கங்களும், விடுதிகளும், சிறப்புப் பள்ளிகளும் நடந்து வருகின்றன. அவற்றில் மனப்பூர்வமாய் உழைக்கிறவர்கள் பலர் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதற்காக மாதக்கணக்கில் பொறுமையோடு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆசிரியை, ஆயிரம் யாகம் செய்தவனைவிட மேலானவர் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அந்த இடங்களுக்கு நமது "தர்மவான்கள்" எதற்காகப் போகிறார்கள், போய் என்ன செய்கிறார்கள் என்பதைப்பற்றியே இங்கு சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

ஒரு கனவானுக்குப் பிறந்த நாள் வருகிறது. அல்லது அவரது தகப்பனாருக்குத் திவசம் வருகிறது. அல்லது சனி பிடித்திருப்பதாக ஜோசியன் சொல்லிவிடுகிறான். உடனே ஒரு விடுதிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறார். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, வடை பாயசத்தோடு இலை போட்டு, சாப்பிடுமுன் தம்மை வாழ்த்திக் கைகூப்பச் சொல்லி, அதைப் படமும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். மறு வருஷம் அதே தேதி வரும்வரை அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்ற கவலைகூட அவருக்கில்லை.

பசித்தவனுக்குச் சோறு போடுவது தப்பா என்று கேட்கலாம். தப்பே இல்லை. ஆனால் அங்கு நடப்பது சோறு போடுவதல்ல, வியாபாரம். ஒரு இலைச் சோற்றைக் கொடுத்து ஒரு மூட்டை புண்ணியம் வாங்குகிற வியாபாரம்! அந்த வியாபாரத்திற்குச் சரக்கு அந்தப் பிள்ளை.

சரி, அந்தப் பிள்ளை ஏன் அப்படிப் பிறந்தது என்று அதே கனவானைக் கேட்டுப் பாருங்கள். "பூர்வ ஜென்ம கர்மம்" என்பார். அப்படியானால் நாம் கேட்கிறோம்: பகவான் தீர விசாரித்துத் தண்டனை விதித்த ஒரு குற்றவாளிக்கு வடை பாயசம் போடுவது பகவான் தீர்ப்புக்கு விரோதமல்லவா? அதற்குப் புண்ணியம் எப்படிக் கிடைக்கும்? தண்டித்தவனும் அவனே, தண்டனை பெற்றவனுக்குச் சோறு போட்டால் வெகுமதி கொடுப்பவனும் அவனே என்றால், இதைவிடப் பித்தலாட்டமான நியாயஸ்தலம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

இந்தப் புத்தி நேற்று வந்ததல்ல. மனுதர்மத்தின் 11-ஆவது அத்தியாயம், புத்தி குறைந்தவர்களும், ஊமைகளும், குருடர்களும், செவிடர்களும் முன்செய்த பாபத்தின் மிச்சத்தாலேயே அப்படிப் பிறக்கிறார்கள் என்கிறது. அதன் 9-ஆவது அத்தியாயமோ, இவர்களுக்குச் சொத்தில் பங்கு கிடையாது, சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்கிறது. தோழர்களே, கவனியுங்கள்! பங்கைப் பிடுங்கிக்கொண்டு சோற்றைப் போடு என்பதுதான் சாஸ்திரம். இன்றையப் பிறந்தநாள் இலையும் அந்தச் சாஸ்திரத்தின் இலைதான்.

சட்டமும் வெகுகாலம் இதற்குக் காவல் நின்றது. 1928-ஆம் வருஷத்தில் வந்த சட்டம், ஊனத்தையும் வியாதியையும் காரணமாகக் காட்டி வாரிசுரிமையைப் பறிக்கக்கூடாது என்று சொல்லிற்று. ஆனால் பிறவியிலேயே புத்தி வளராதவர்களையும் சித்தம் கலங்கியவர்களையும் மாத்திரம் வெளியே நிறுத்தி வைத்தது. குருடனுக்கும் நொண்டிக்கும் திறந்த கதவு, இவர்களுக்கு 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகே திறந்தது. 28 வருஷகாலம் இவர்களுக்காக வாய் திறக்க எத்தனை தர்மவான்கள் முன்வந்தார்கள்?

இனி கர்மம் என்பது எவ்வளவு சுத்தப் புரட்டு என்பதைப் பார்ப்போம். மனித உடம்பின் ஒவ்வொரு அணுவறையிலும் சாதாரணமாக 46 குரோமோசோம்கள் உண்டு. டவுன் நிலை என்று சொல்லப்படுகிற குறையோடு பிறக்கும் பிள்ளைக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடி, 47 இருப்பதை 1959-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பிரசவத்தில் மூச்சு முட்டி மூளைக்குப் பிராணவாயு போகாவிட்டால் குறை வருகிறது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டால் வருகிறது. தாயின் உணவில் அயோடின் இல்லாவிட்டால் வருகிறது. சொந்தத்திற்குள்ளேயே, அதிலும் தாய்மாமனுக்கே பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கத்தால் சில பரம்பரை வியாதிகள் வர இடம் அதிகமாகிறது. பிறந்த பிள்ளைக்குத் தைராய்டு சுரப்புக் குறைவாயிருந்தால், சில சொட்டு இரத்தத்தைச் சோதித்து, முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தால் மூளை கெடாமல் காப்பாற்றலாம். பூர்வ ஜென்மப் பாபம் ஒரு சின்ன மாத்திரையில் கரைந்துபோகுமா?

எல்லாக் குறையையும் தடுத்துவிடலாம் என்று நாம் சொல்லவரவில்லை. தடுக்க முடியாதவையும் உண்டு. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு முதல் சில வருஷங்களில் கொடுக்கும் பயிற்சியே பெரும் பயன் தரும். அந்த வருஷங்களைத்தான் நமது ஜனங்கள் கோயில், தர்கா, மாதா கோயில் என்று முடி இறக்கியும், தாயத்துக் கட்டியும், மெழுகுவர்த்தி ஏற்றியும் பாழாக்குகிறார்கள். மதத்தில் சண்டை போட்டுக்கொண்டாலும் இந்தத் தாய்மார்களின் காசைப் பறிப்பதில் எல்லா மதங்களும் ஒற்றுமையாகவே இருக்கின்றன!

சங்கம் என்றால் எதைச் செய்யவேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. பென்சில்வேனியா மாகாணத்தில், 5 வயதுப் பிள்ளையின் புத்தி வளர்ச்சியை எட்டாதவர்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கலாம் என்று சட்டமிருந்தது. அங்கே இப்பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடி நடத்திய சங்கம், பாயசத்துக்கு நன்கொடை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1971-இல் மாகாண சர்க்கார் மீதே வழக்குத் தொடுத்தது. இப்பிள்ளைகளுக்கும் இலவசப் படிப்பு கொடுத்தே தீரவேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளச் செய்தது. அதுபோன்ற வழக்குகளின் பலனாக 1975-இல் அந்நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பெற்றோர்கள் பிச்சைப் பாத்திரத்தை வைத்துவிட்டு வக்கீலைப் பிடித்தார்கள், காரியம் நடந்தது.

நமது நாட்டிலோ சட்டம் இருக்கிறது, கேட்பாரில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஒப்புக்கொள்ளுகிறது. 40 சதவிகிதத்திற்குக் குறையாத குறையுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமை என்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் 4 சதவிகிதம் ஒதுக்கி, அதில் ஒரு சதவிகிதத்தை ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறை முதலியவை உள்ளவர்களுக்கென்று வைக்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே இவர்களை இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை என்கிறது. தெருவில் "லூசு" என்றும் "கிறுக்கு" என்றும் கூவிச் சிரிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?" என்பதே ஒவ்வொரு பெற்றோருக்கும் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. இதற்கும் வழி உண்டு. 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, சட்டபூர்வமான பாதுகாவலரை நியமிக்க உள்ளூர்க் குழு அமைக்கவேண்டும். அதில் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரியும், பதிவான சங்கத்தின் பிரதிநிதி ஒருவரும், குறையுள்ளவர் ஒருவரும் இருக்கவேண்டும். அதாவது, சங்கத்திற்குச் சர்க்கார் அதிகாரிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடப்பட்டிருக்கிறது. நாற்காலி இருக்கும்போது நன்கொடையாளர் வாசலில் ஏன் நிற்கவேண்டும்?

ஆகவே சங்கம் நடத்தும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது: பணம் கொடுப்பவரிடம் வாங்குங்கள், ஆனால் பிள்ளைகளைக் கைகூப்பச் சொல்லாதீர்கள், படத்திற்கு நிறுத்தாதீர்கள். ஒரு நாள் பாயசத்துக்குப் பதில் ஒரு ஆசிரியையின் ஒரு மாதச் சம்பளத்தைக் கேளுங்கள். காகிதப்பை ஒட்டவும், தைக்கவும், தோட்டம் போடவும், காசு எண்ணவும், தனியே பஸ் ஏறவும் பழக்குங்கள். செய்த வேலைக்குக் கூலியை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

வாசகத் தோழர்கள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில், ஜனங்களின் வாய்க்குப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை வைக்கப்பட்டிருக்கலாம். அந்த வீட்டாரிடம் போய் இது பாபமல்ல என்று சொல்லுங்கள். அடையாளச் சான்றுக்கு ஆஸ்பத்திரிக்கும், சேர்க்கைக்குப் பள்ளிக்கூடத்திற்கும் அவர்களோடு கூட நடங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பிள்ளைக்கும் பந்தியில் ஒரு இலை போடுங்கள். அந்த இலையில் புண்ணியம் இருக்காது. மனிதனுக்கு மனிதன் கொடுக்கவேண்டிய மரியாதை இருக்கும்.