வாலிப வயோதிக அன்பர்களே, மொதல்ல சுகர் பாருங்க!

கடலூர், சிதம்பரம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்த போஸ்டர் தெரியாம இருக்காது. பஸ் ஸ்டாண்ட் சுவர், கட்டணக் கழிப்பறைக் கதவு, லாட்ஜ் வாசல்னு பாக்குற இடமெல்லாம் ஆண்மைக்குறைவுக்கு வைத்தியர் வர்ற தேதி போட்டு ஒட்டியிருப்பாங்க. இந்த மாதிரி விளம்பரத்துக்கு 1954லயே மத்திய அரசு தடைச் சட்டம் போட்டாச்சுங்க. போஸ்டருக்கு அதெல்லாம் தெரியுமா என்ன!

என் கோவம் லேகியத்து மேல இல்ல. படிச்சு, பதிவு பண்ணின சித்த மருத்துவர் ரிப்போர்ட் பாத்து மருந்து கொடுத்தா எனக்கு ஒண்ணுமில்ல. என் சண்டை எல்லாம் "கண்டுபிடிக்கிற" லட்சணத்தோடதான். 22 வயசுப் பையன் போனாலும் 55 வயசுப் பெரியவர் போனாலும் லாட்ஜ் ரூம்ல ஒரே காரணம்தான்: சின்ன வயசுக் கைப்பழக்கம். லாக் ஃபைலத் தொறக்காமலே பக் ஃபிக்ஸ் பண்றவன எங்க ஆபீஸ்ல வச்சிருக்க மாட்டாங்க சார்.

ஒழுங்கான டாக்டர் என்ன பண்ணுவார்? மொதல்ல பேசுவார். திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா? காலைல எழும்போது விறைப்பு இருக்கா? இருந்தா, ரத்த ஓட்டமும் நரம்பும் ஓரளவு சரியா இருக்கு, மனசுப் பக்கம் பாக்கணும்னு ஒரு துப்பு. அஞ்சே கேள்வி, 25 மார்க்குக்கு ஒரு வினாத்தாள்கூட இருக்கு. 21, அதுக்குக் கீழன்னா குறைபாடு. பீடி சிகரெட், தண்ணி, சாப்பிடுற மாத்திரை எல்லாம் கேப்பார் (சில பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரையாலயும் வரலாம், அதுக்காக நீங்களா நிறுத்தாதீங்க). அப்புறம் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், காலை நேரத்து டெஸ்டோஸ்டீரோன். தேவைப்பட்டாதான் ஊசி போட்டு டாப்ளர் ஸ்கேன்.

இவ்ளோ எதுக்குன்னா, அந்த உறுப்புக்குப் போற ரத்தக்குழாய் 1-2 மி.மீ. தான். இதயத்துக்குப் போறது 3-4 மி.மீ. கொழுப்பு அடைக்க ஆரம்பிச்சா சின்னக் குழாய் முந்திக் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலிக்குச் சில வருஷம் முன்னாடியே வர்ற எச்சரிக்கை மணி அது. அத லேகியம் போட்டு அமுக்குறான் லாட்ஜ்காரன். "மூலிகை"ன்னு வித்த சரக்குல சொல்லாம கொள்ளாம சில்டனாஃபில் (அதாங்க வயாக்ரா) கலந்திருந்தத அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை புடிச்சிருக்கு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுறவர் தெரியாம அதத் தின்னா, பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம்.

இங்கிலீஷ் டாக்டர்களையும் விடுறதா இல்ல. சுகர் பேஷண்டுக்குக் கால் பாக்குறீங்க, கண் பாக்குறீங்க. இத மட்டும் ஏன் சார் பல பேர் கேக்குறதில்ல? நீங்க கேக்காம விட்ட கேள்விலதான் லாட்ஜ்காரன் ரூம் வாடகை கட்டுறான்.

கடலூர்ல அரசு தலைமை மருத்துவமனை இருக்கு. சிதம்பரத்துல நம்ம ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியே இப்போ அரசு மருத்துவக் கல்லூரி. அடுத்த தடவ சுகர் ரிப்போர்ட் காட்டப் போறப்போ இதையும் சேத்துச் சொல்லிடுங்க மக்கா. அவங்க கேக்கலன்னா நாமளே ஆரம்பிப்போம், என்ன இப்போ?