உறவினர்க்கும் உரிய செய்தி

தைராய்டுப் புற்றுநோயில் பல வகைகள் உள. அவற்றுள் 'மெடுல்லரி' என்னும் வகை அரிது. ஆயினும் அந்நோயாளிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது மரபுவழி வருவது. பத்தாம் குரோமோசோமிலுள்ள 'ரெட்' என்னும் ஜீனில் நேர்ந்த திடீர் மாற்றமே காரணம் என்பது 1993இல் தெளிவாயிற்று. மாற்றம் உடையவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

முன்னெல்லாம் அக்குடும்பத்தார் அனைவரும் ஆண்டுதோறும் இரத்தத்தில் கால்சிடோனின் அளவைப் பார்த்துவர வேண்டியிருந்தது. அளவு ஏறுவதற்குள் நோய் தொடங்கிவிட்டிருக்கும். இன்று, குடும்பத்தில் ஓடும் மாற்றம் இன்னதெனத் தெரிந்துவிட்டால், ஒருமுறை ஜீனைச் சோதித்தால் போதும். மாற்றமுள்ள குழந்தைக்கு நோய் தோன்றுமுன்பே சுரப்பியை அகற்றிவிடலாம். பிறகு வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உண்ண வேண்டும். மாற்றமில்லாத குழந்தைக்கோ அன்றே அச்சம் தீர்கிறது. இந்த இரண்டாவதையே நான் பெரிய பேறாகக் கருதுகிறேன்.

ஆனால், நோயாளி வாய்திறந்தாலன்றோ உடன்பிறந்தார்க்குத் தெரியும்! பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஊரறியச் சொல்வதா என்று தயங்குவோர் உண்டு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், தம்பிக்குச் சொல்லலாமே! மருத்துவரும் 'அது உங்கள் விருப்பம்' என்று விட்டுவிடாமல், உறவினரையும் அழைத்துவரும்படி வற்புறுத்த வேண்டும். அதற்குக் கால்மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டுமே.