கொல்லைக்குள் ஒரு தண்டவாளம்

இயற்கை விவசாயக் கூட்டங்களில் நாம் பேசாத விஷயம் இல்லை. மண்புழு, நாட்டு மாடு, மரபு விதை, சந்தை, சான்றிதழ் என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். ஆனால் எடையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நம் விவசாயம் கனமான விவசாயம். அந்தக் கனத்தை யார் தலையில் ஏற்றி நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் சொல்ல வருவது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று புரியும். வீட்டுக் கொல்லையிலிருந்து தோட்டத்துக்கு ஒரு சின்னத் தண்டவாளம் போடுங்கள் என்கிறேன்.

சிரிக்க வேண்டாம். முதலில் கணக்கைப் பார்ப்போம். வங்கியில் இருந்தவனுக்கு அதுதானே வரும்!

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 சதம் தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 20 கிலோ. ரசாயன விவசாயி அதை மொபெட்டில் வைத்துக் கொண்டுபோய், வீசிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அதே 20 கிலோ தழைச்சத்தைத் தொழுவுரமாகக் கொடுக்க வேண்டுமானால், எருவில் அரை சதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், 4 டன் வேண்டும். கூடைக்கு 25 கிலோ என்றால் 160 நடை. எருக்குழியிலிருந்து வயல் 100 மீட்டர் என்றால் போக வர 200 மீட்டர். மொத்தம் 32 கிலோமீட்டர். அதில் பாதித் தூரம் தலையில் சுமையோடு.

தொழுவுரம் தருவது தழைச்சத்து மட்டுமில்லை, மண்ணுக்கு உயிரும் தருகிறது. நமக்குத் தெரியும். ஆனால் கூடை தூக்குகிறவருக்கு எடை எடைதான்.

"நாங்க ஜீவாமிர்தம்தான் விடறோம், எருவே அடிக்கறதில்லை" என்று சிலர் சொல்வார்கள். சரி. ஏக்கருக்கு 200 லிட்டர், வாய்க்காலில் கலந்துவிட்டால் தானே போய்ச் சேரும். ஆனால் மூடாக்கு? வாய்க்காலில் வராது. மாட்டுக்குத் தீவனமும் வராது. இரண்டே இரண்டு மாடு வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் உள்ளே வருகிறது, 10 கிலோ சாணம் வெளியே போகிறது என்று குறைத்தே போடுவோம். இரண்டு மாட்டுக்கும் சேர்த்து நாளைக்கு 70 கிலோ, வருஷத்துக்கு 25 டன். ஒரு லாரி சுமக்கிற பாரத்தை ஒரு குடும்பம் கையாலும் தலையாலும் நகர்த்துகிறது. தென்னை வைத்திருப்பவர் கணக்கு இன்னும் மோசம். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 100 காய் என்றால் 7,000 காய். மட்டையோடு ஒரு காய் ஒரு கிலோவுக்கு மேல். அப்படியானால் 7 டன்னுக்குக் குறையாது.

இந்த எடையைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுப் பெண்களும், ஆண் கூலியைவிடக் குறைந்த கூலி வாங்கும் பெண்களும்தான். கழுத்துவலி, இடுப்புவலி எல்லாம் நம் வரவு செலவுக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது. "இயற்கை விவசாயத்துக்கு ஆள் கிடைக்கறதில்லைங்க" என்று புலம்புகிறோமே, கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று வருஷம் செய்துவிட்டு விட்டுப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பூச்சியால் விட்டவர்களைவிட வேலைப் பளுவால் விட்டவர்கள் அதிகம் என்பது நான் பேசிப் பார்த்த அனுபவம்.

டிராக்டரில் அடிக்கலாமே என்றால், அடிக்கலாம். ஆனால் ஒரு மழை பெய்த கரிசலில் இரண்டு டன் டிராக்டரும் அதன் பின்னால் டிரெய்லரும் போன தடத்தை மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள். மண்ணுக்குள் காற்றும் நீரும் போகும் துளைகள் நசுங்கிக் கிடக்கும். வருஷம் முழுக்க மூடாக்குப் போட்டு மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவதும், அந்த மூடாக்கைக் கொண்டுவரவே மண்ணை நசுக்குவதும் ஒரே தோட்டத்தில் நடக்கிறது.

இப்போது தண்டவாளத்துக்கு வருவோம். தோட்டத்து ரயில் என்றாலே வெளிநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இருக்கிறது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பூச்செடிகளுக்கு நடுவே 45 மில்லிமீட்டர் அகலத் தடத்தில் பொம்மை ரயில் விட்டு மகிழ்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நல்ல பொழுதுபோக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுத் தோட்டத்து ரயிலுக்கு இன்னொரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஆர்தர் ஹேவுட் என்பவர் 1874-ல் தன் வீட்டு நிலத்திலேயே 15 அங்குல அகலத்தில் ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார். பண்ணைக்கும் எஸ்டேட்டுக்கும் சாமான் ஏற்றிப் போக, கவிழாமல் ஓடக்கூடிய மிகச் சிறிய ரயில் எது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் நோக்கம். அதற்கு முன் 9 அங்குலத்தில் போட்டுப் பார்த்து, அது ஆள் ஏறினால் நிலைக்காது என்று தெரிந்துகொண்டு 15-க்கு வந்தார். பிறகு 1896-ல் ஈட்டன் ஹால் என்ற பெரிய எஸ்டேட்டுக்கு இதே அளவில் பாதை போட்டுக் கொடுத்தார். பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து நிலக்கரியும் கட்டுமானப் பொருளும் சுமந்து, 1946 வரைக்கும் அது ஓடியது.

அதே காலத்தில் பிரான்சில் பால் டெக்கோவில் என்ற பண்ணைக்காரர் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். பாரிஸுக்குத் தெற்கே அவர் பண்ணையில் சர்க்கரைக் கிழங்கு விளைந்து நிற்கிறது, நிலமோ மழையில் சேறாகிக் கிடக்கிறது. மாட்டு வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் புதையும். அவர் இரும்புக் குறுக்குக் கட்டைகளோடு சேர்த்தே முடுக்கிய தண்டவாளத் துண்டுகளைச் செய்து, ஏணியைப் படுக்க வைப்பது மாதிரி வயலில் வைத்து, கிழங்கை வெளியே கொண்டுவந்தார். அறுவடை முடிந்ததும் எடுத்து அடுத்த வயலில் வைக்கலாம். பிறகு அது பெரிய தொழிலாகி உலகம் முழுக்கப் போனது. 1889 பாரிஸ் கண்காட்சியில் 60 சென்டிமீட்டர் அகல டெக்கோவில் ரயிலில் 60 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பயணம் செய்தார்கள். தொடக்கம் என்னவோ ஒரு விவசாயியின் சேற்று வயல்தான்.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்றிவர 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் பாரம் தண்டவாளத்தில், பக்கத்தில் ஒரு சக்கரம் தரையில், இழுத்தது மாடுகள். 1908-ல் அதை 2 அடி அகல ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடி, பிறகு போடிநாயக்கனூர். 1924 பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஜப்பானின் மலைச்சரிவு ஆரஞ்சுத் தோட்டங்களிலோ 1960களில் வந்த ஒற்றைத் தண்டவாளச் சின்ன வண்டிகள் இன்றைக்கும் பழம் சுமக்கின்றன.

நமக்கு இஞ்சின் வேண்டாம். கையால் தள்ளும் வண்டி போதும். வீட்டு வாசலில் தள்ளுகிற இரும்பு கேட் பார்த்திருப்பீர்கள். 200, 300 கிலோ கேட்டை ஒரு சின்னப் பிள்ளை ஒரு கையால் தள்ளுகிறது. கீழே நடுவில் பள்ளம் விட்ட சக்கரம், அது ஓடக் கவிழ்த்து வைத்த ஆங்கிள். அந்தச் சக்கரமும் ஆங்கிளும் எந்த ஊர் இரும்புக் கடையிலும் கிடைக்கும். எங்கள் கொல்லையில் கட்டுத்தறியிலிருந்து எருக்குழி வழியாகத் தென்னைக்குப் போகும் பாதை இப்படிப் போட்டதுதான். ஊர் வெல்டிங் பட்டறையில் செய்தது.

அளவு சொல்கிறேன். 40-க்கு 40, 5 மில்லிமீட்டர் ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. இரண்டு தண்டவாளம், இடைவெளி 2 அடி. 3 மீட்டர் நீளத் துண்டுகளாக, முக்கால் மீட்டருக்கு ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்தால் ஒரு துண்டு 25 கிலோவுக்குள் அடங்கும். இரண்டு பேர் தூக்கி இடம் மாற்றலாம். உழவு ஓட்டும்போதும் வாய்க்கால் வெட்டும்போதும் கழற்றி வைத்துவிடலாம். கீழே மரக்கட்டை வைத்தால் கரையான் தின்றுவிடும். உடைந்த வேலிக்கல் துண்டுகள் போதும்.

வண்டி 50 கிலோ, பாரம் 250 கிலோ. மட்டமான பாதையில் ஆறேழு கிலோ தூக்குகிற பலம் இருந்தால் நகரும். முன்னே சொன்ன 160 நடை 16 நடையாகிறது, 32 கிலோமீட்டர் 3 கிலோமீட்டர் சொச்சம் ஆகிறது. தலையில் ஒன்றும் இல்லை. எங்களிடம் வேலைக்கு வரும் அம்மா ஒருவர் முதல் நாள் தள்ளிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா இதை எங்கீங்க சார் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஏற்ற இறக்கம்தான் முதல் எதிரி. 100 அடிக்கு 2 அடி ஏறினால் தள்ள இன்னும் 6 கிலோ பலம் கூட வேண்டும். 5 அடி ஏறினால் 15 கிலோ. அதற்கு மேல் ஒருவர் தள்ளக் கூடாது. இறங்கும்போது வண்டி பிடிக்குள் நிற்காது, பிரேக் கட்டாயம். கொத்தனார் தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்ப்பதுபோல் முதலிலேயே பார்த்து, வரப்பு ஓரமாகச் சுற்றிப் போனாலும் மட்டமாகப் போங்கள். வளைவு போடுவதைவிட, மூலையில் வண்டியைத் திருப்பிவிட நடுவில் முளை வைத்த ஒரு சுழல் தட்டு செய்துகொள்வது சுலபம். ஓலைத் துணுக்கும் கல்லும் சக்கரத்தைத் தடம் இறக்கும், அதனால் வண்டிக்கு முன்னால் தென்னந்துடைப்பம் ஒன்று கட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். பிள்ளைகள் ஏறாமல் இருக்க மாட்டார்கள். மழைநீர் ஓடும் வழியில் பாதையை வைக்காதீர்கள். மூணாறு 1924 நமக்குச் சொல்வது அதைத்தான்.

எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, வளர்ந்த இடத்திலேயே மடக்கி உழுவது எல்லாவற்றிலும் சிறந்தது, அங்கே சுமையே கிடையாது. தென்னை ஓலையை மரத்தடியிலேயே போட்டால் அதையும் சுமக்க வேண்டியதில்லை. நெல் வயலுக்குள் தண்டவாளம் போகாது, வரப்பு வரைக்கும்தான். இறுகிய செம்மண் பாதை இருந்தால் இரண்டு சைக்கிள் சக்கரம் வைத்த தள்ளுவண்டியே போதும். தினமும் ஒரே தடத்தில், கனமான பாரத்தை, ஈரத்தில் புதையும் மண்ணில் கொண்டுபோகிறவருக்குத்தான் தண்டவாளம்.

பணம்? 100 மீட்டர் பாதைக்குச் சுமார் 800 கிலோ இரும்பு. அன்றைய விலையால் பெருக்கி, வெல்டிங் கூலி சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னத் தொகை இல்லை. ஆனால் டீசல் குடிக்காது, வருஷம் ஒருமுறை பெயிண்ட் அடித்தால் பல வருஷம் நிற்கும், வேண்டாம் என்றால் பழைய இரும்பு விலைக்காவது போகும். வங்கியில் இருந்த காலத்தில் டிராக்டருக்குக் கடன் கேட்டு வந்தவர்களை எண்ணி மாளாது. எரு கொண்டுபோகும் பாதைக்குக் கடன் கேட்டு ஒருவர்கூட என் மேசைக்கு வந்ததில்லை. கேட்டால்தானே கிளை மேலாளருக்கும் யோசனை வரும்? உழவர் குழுக்கள் சேர்ந்து இருபது துண்டும் இரண்டு வண்டியும் செய்து வைத்து, எரு அடிக்கும் காலத்தில் முறை வைத்து எடுத்துக்கொண்டால் தலைக்கு விழும் செலவு குறையும். டெக்கோவில் செய்ததும் தூக்கி மாற்றும் பாதைதானே.

அதற்கு முன் காசில்லாத ஒரு வேலை இருக்கிறது. அடுத்த எரு அடிப்பில் ஒரு நோட்டில் கோடு போடுங்கள். எத்தனை கூடை, எத்தனை நடை, எவ்வளவு தூரம், யார் தூக்கினார்கள் என்று எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் விளைச்சல் கணக்கோடு அதையும் வாசியுங்கள். தண்டவாளமா, தள்ளுவண்டியா, எருக்குழியை வயல் பக்கமாக மாற்றுவதா என்பதை அந்த நோட்டை வைத்துப் பேசி முடிவு செய்வோம். கூடை தூக்குகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.