ஓடாத வண்டிக்கும் வருமானமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு லாரி உரிமையாளர்களின் வரிக்கணக்கு பற்றிய தங்கள் கட்டுரையில் சொன்னது அத்தனையும் உண்மை. 10 வண்டிகள் வரை வைத்திருப்பவர் டீசல், டயர், சுங்கச்சாவடி ரசீதுகளைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியென்றால், மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். வசதியான ஏற்பாடுதான்.

ஆனால், என் 28 டன் லாரி இன்ஜின் வேலைக்காக இரண்டு மாதம் பட்டறையில் நின்றது. சல்லிக்காசு வராத அந்த மாதங்களுக்கும் தலா 28,000 ரூபாய் வருமானமாகக் கணக்கில் ஏறியது. குறைத்துக் காட்டுவதென்றால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டும். நானே ஓட்டும் ஒற்றை லாரிக்கு அது கட்டுப்படியாகாது.

பான் எண்ணுடன் உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். எனும் வரிப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது.

பட்டறை ரசீதை ஏற்று, வண்டி நின்ற மாதங்களுக்கு அரசு விலக்கு தரட்டும். உறுதிமொழிப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, லாரி புக்கிங் அலுவலகங்களில் வைக்கட்டும்.

- ஓட்டுநராகவும் உள்ள லாரி உரிமையாளர், நாமக்கல்.