நம் பிள்ளைகள் வகுப்பில் கற்பது என்ன?

ஆரம்பப் பள்ளியில் பிள்ளையின் பெயர் பதிவாகிவிட்டது. காலையில் சிற்றுண்டி கிடைக்கிறது, மத்தியானம் சத்துணவு கிடைக்கிறது. புத்தகத்திற்கும் சீருடைக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இவை யாரும் போட்ட பிச்சை அல்ல. பாட்டாளி மக்கள் பல்லாண்டுக் காலம் கேட்டுக் கேட்டுப் பெற்ற உரிமைகள். இவற்றில் ஒன்றையும் நாம் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிகிறதா? கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா? வயிறு நிறைந்த பிள்ளையின் சிலேட்டும் நிறைகிறதா?

இது உபாத்தியாயர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரிய கேள்வி என்று ஒதுங்கிவிட முடியாது. நாள் ஒன்றுக்கு 480 ரூபாய் கூலி, மாதத்தில் 26 நாள் வேலை, முன்பணமாக வாங்கியது 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வர வேண்டியது 9,980 ரூபாய். இந்தக் கணக்கில் இருப்பது ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும்தான். ஏக்கருக்குப் பேசிய நடவுக் கூலியை எத்தனை பெண்களுக்குப் பங்கிடுவது என்பது ஒரு வகுத்தல். இந்தக் கணக்கு தெரியாதவர்களை மேஸ்திரியும் காண்டிராக்டரும் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு போதும் என்று அளந்து கொடுக்கும் எண்ணம் புதிதல்ல. 1953-ஆம் ஆண்டில் ராஜாஜி சர்க்கார் கிராம ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், எதிர்த்து நின்றார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சட்டம் போட்டு நேரத்தைக் குறைப்பது அன்றோடு ஒழிந்தது. ஆனால் பள்ளிக்கு முழு நேரமும் போய்வந்தும் பிள்ளை படிக்கக் கற்கவில்லை என்றால், விளைவில் என்ன வித்தியாசம்?

இந்திய கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ‘ஏசர்’ ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 27 பேர். ஐந்தாம் வகுப்பிலேயே நூற்றுக்கு 49 பேர்தான். இது நாடு முழுவதற்கும் உள்ள கணக்கு.

தமிழ்நாட்டில் கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. கைபேசியும் தனி அறையும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏதோ படித்தார்கள். லயன் வீட்டிலும் குடிசையிலும் இருந்த பிள்ளைகள் அறிந்த எழுத்தையும் மறந்தார்கள். அதன் பிறகு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகளின் நிலையை அறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் விளையாட்டும் கலந்து எழுத்தும் எண்ணும் சொல்லித்தருவது அதன் முறை. பின்தங்கிய பிள்ளையை அடித்து உட்கார வைக்காமல், அது நிற்கும் இடத்திலிருந்தே கைபிடித்து அழைத்துப் போவது நல்ல முறை என்றே நாம் சொல்கிறோம்.

ஆனால் முறை நன்றாக இருந்தால் போதுமா? அதை நடத்த ஆள் வேண்டாமா?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று கணக்கு வைத்தது. அது தலையை எண்ணியது, வகுப்பை எண்ணவில்லை. வகுப்பு ஐந்து, ஆசிரியர் இருவர்! அதே சட்டம் ஆண்டுக்கு 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. வகுப்பு வகுப்பாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால், ஒரு வகுப்புக்கு ஆசிரியர் நேராக நிற்கும் நேரம் 320 மணிதான். மீதி 480 மணி பிள்ளைகள் தாங்களாகவே உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் லீவு போட்டால் அந்த 320-ம் பாதியாகிறது. இதற்கு மேல் பதிவேடு, கைபேசியில் விவரம் ஏற்றும் வேலை. மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்று சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. பிரிவு ஏட்டில் இருக்கிறது. ஆசிரியர் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார்.

மத்திய சர்க்கார் இதற்கு என்ன மருந்து கண்டது? ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் விதியை மாற்றியது. பி.எம். ஸ்ரீ திட்டத்தை ஏற்கவில்லை என்ற காரணத்தால், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய 2024–25-ஆம் ஆண்டுப் பணம் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்தி வைத்தது. ஆசிரியரையும் பணத்தையும் கொடுக்காதவன் தப்பித்துக்கொள்கிறான். பத்து வயதுப் பிள்ளை ‘பெயில்’ ஆகிறது. இது என்ன நியாயம்? அதற்காக, நிறுத்தி வைக்காமல் மேல் வகுப்புக்கு அனுப்பிவிட்டாலே கடமை முடிந்தது என்று மாநில சர்க்காரும் இருந்துவிட முடியாது. படிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, வகுப்பு மாறியதே தவிர நிலை மாறாத பிள்ளை.

இதையெல்லாம் கண்டு மனம் நொந்த தோழர்கள் பலர் வட்டிக்குக் கடன் வாங்கி இங்கிலீஷ் நர்சரிக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். அவர்கள் ஆசையை நாம் பழிக்கவில்லை. ஆனால் கூலியில் பாதியைக் கொட்டியும், வீட்டில் யாரும் பேசாத மொழியில் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது, பொருள் தெரிவதில்லை. ஆளாளுக்குத் தனி வழி தேடினால் பணம் போகும், பொதுப் பள்ளியும் போகும். நல்ல பள்ளியைச் சேர்ந்து நின்று கேட்டால்தான் கிடைக்கும்.

நாம் கேட்பது இவை: பிள்ளைகள் எண்ணிக்கை எவ்வளவாயினும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். காலியிடங்களை உடனே நிரப்புதல். ஆசிரியர் தலையில் கட்டிய எழுத்து வேலையை நீக்குதல். நம்மோடு மில்லிலும் செங்கல் சூளையிலும் உழைக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழி அறிந்த துணை ஆசிரியர்.

தோழர்களே, சட்டம் நம் கையிலும் ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். ஷிப்டை மாற்றிக்கொண்டாவது கூட்டத்திற்குப் போங்கள். ஆசிரியரைக் குற்றவாளியாக நிறுத்தப் போகாதீர்கள். அவருக்கு என்ன குறை என்று கேட்டுத் தீர்மானம் எழுதி, கையெழுத்திட்டு மேலே அனுப்புங்கள். இரவு கஞ்சி குடித்தபின் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும், பிள்ளை தடுமாறுகிறதா, ஓடுகிறதா என்பது காதுக்குத் தெரியும்.

கூலி உயர்வுக்குச் சங்கம் கூடுகிற நாம், பிள்ளையின் எழுத்துக்கும் எண்ணுக்கும் கூட வேண்டும். நாளைக்குச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போவதும், முதலாளியின் கணக்கைச் சரிபார்க்கப் போவதும் அந்தப் பிள்ளைதான்.