மண் கெட்டதற்கு அரைப் பேர் எங்களுக்கா?

பூஞ்சணம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கொப்புள நோய்தான். 1946இல் இந்த நாட்டுத் தேயிலையில் தலைகாட்டிய அது, மழைக்காலத்தில் இன்றும் கொழுந்தைக் கெடுக்கிறது. ஆனால் தேயிலைக்கு உழைக்கும் பூஞ்சணமும் மண்ணுக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நூலாக வேருக்குள் புகுந்து, வேர் எட்டாத இடத்துக்கும் பரவி, பொஸ்பரசையும் தண்ணீரையும் செடிக்கு இழுத்துக் கொடுக்கும். பதிலுக்குச் செடி தன் இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கும். நம்முடைய கூட்டு ஒப்பந்தங்களைவிட நியாயமான ஒப்பந்தம்!

மழை பெய்து புது வேர் விடும்போது இந்த நூலும் பரவும். மேற்கு மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெயில் காயும். அப்போதுதான் செடிக்கு இந்த உதவி அதிகம் தேவை. நிழல் மரமும் சருகும் உள்ள மலையில் ஈரம் நிற்கும், பூஞ்சணமும் பிழைக்கும். மரத்தை வெட்டி விற்று, தரையை வெறுமையாக விட்ட மலையில் பிழைப்பது கடினம்.

புல்லு வெட்ட ஆள் போடாமல் மருந்தடித்தே காலம் ஓட்டிய தோட்டங்கள் எத்தனை? கிளைபோசேட் 2015இல் தடையானது, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் திரும்பி வந்தது. எந்த மருந்தானாலும் சரி, மண்வெட்டியால் சுரண்டினாலும் சரி, சரிவான மலையில் ஒரு புல்லும் இல்லாமல் செய்தால் அடுத்த மழையில் மேல்மண் கானோடு போய்விடும். வேரும் பூஞ்சணமும் அதிகம் வாழ்வது அந்த மேல்மண்ணில்தான். பொஸ்பேட் உரத்தை அளவுக்கு மேல் கொட்டினாலும் செடி பூஞ்சணத்தைத் தேடாது.

அதற்காக உரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் தடையை எடுத்தார்களே, அதில் கொழுந்து குறைந்து அடிபட்டவர்கள் நாம்தான். கொழுந்துக்கு நைதரசன் வேண்டும். அதைப் பூஞ்சணம் மட்டும் கொடுத்துவிடாது.

அதே 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதும் பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். மண் தேய்ந்த பழைய மலைக்கும் நல்ல மலைக்கும் ஒரே கிலோ. எடுக்க முடியாத பெண்ணுக்கு அரைப் பேர். மண்ணைக் கெடுத்த முடிவு நிர்வாகத்தினுடையது, தண்டனை கொழுந்துக் கூடை சுமப்பவளுக்கு.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. கவ்வாத்து மிலாறை விறகுக்கு லயத்துக்குக் கொண்டு வருகிறோம். அது மலையில் கிடந்தால் மண்ணுக்குச் சோறு. ஆனால் கேஸ் வாங்க வழியில்லாத குடும்பத்திடம் விறகை எடுக்காதே என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. தோட்டம் விறகுக்கு மரம் நட்டுக் கொடுக்கட்டும், பிறகு கேட்கட்டும்.

மறுநடுகைக்கு முன் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய அறிவுரை. புல் வேரிலும் இந்தப் பூஞ்சணம் வாழும். செலவு என்று சொல்லி அதைத் தட்டிக் கழிப்பதை இனி விடக்கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இரண்டைக் கேட்க வேண்டும்: மலைக்கு மலை வேறு கிலோ, முள்ளு குத்துவது, கான் வெட்டுவது, நிழல் மரம் நடுவது எல்லாவற்றுக்கும் முழுப் பேர்.